பகுதிக் கையொப்பம்: ஒரு விதிநூலின் குணமும் குற்றமும்

வியாபாரிக்குக் கையெழுத்துதான் வாக்கு. நாற்பது வருஷத்துக்கு மேலாகப் பாத்திர மொத்த வியாபாரம் செய்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், இரண்டு தாள் உள்ள ஒப்பந்தம் ஒன்றில் இரண்டாம் தாளில் மட்டும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். விலை இருந்தது முதல் தாளில். சரக்கு வந்தபோது முதல் தாள் வேறாக இருந்தது. “இது உங்க கையெழுத்துதானே?” என்று கேட்டார்கள். என்ன சொல்வது? கையெழுத்து அசல். நஷ்டம் எனக்குத்தான்.

மென்பொருள் எழுதும் என் மகன், எக்ஸ்.எம்.எல். கையொப்பம் பற்றி ஒரு நாள் சொல்லிக்கொண்டிருந்தபோது அந்த இரண்டு தாள் நினைவுக்கு வந்தது. அன்று பிடித்துக்கொண்ட விஷயத்தை இன்னும் விடவில்லை. நான் கணினி படித்தவன் அல்லன். பழைய உரைகளைச் சொந்தமாகப் படித்துப் பழகியவன். அந்தப் பழக்கத்தில், இந்த விதியையும் ஒரு நூலாக வைத்துப் பார்க்கிறேன்.

முதலில் குணம். ஒரு கம்பெனியின் கணினி வங்கியின் கணினிக்கு ஆணை அனுப்புகிறது. சோப் என்னும் முறையில் அந்தச் செய்திக்கு ஓர் உறை உண்டு. உறைக்குள் தலைப்பகுதி, உடற்பகுதி என இரண்டு. வழியில் உள்ள கணினிகள் தலைப்பகுதியில் தங்கள் குறிப்பைச் சேர்க்கலாம். உறை முழுவதற்கும் கையொப்பம் இட்டுவிட்டால், நடுவில் ஓர் எழுத்து சேர்ந்தாலும் கையொப்பம் செல்லாமல் போகும். ஆகவே உடற்பகுதிக்கு மட்டும், நேரக்குறிப்புக்கு மட்டும் என்று பகுதி பகுதியாகக் கையொப்பமிட வழி வேண்டியிருந்தது. 2002 பிப்ரவரியில் டபிள்யூ3சி அமைப்பு வெளியிட்ட விதி அதைத் தந்தது. 2004-இல் ஓயாசிஸ் அமைப்பின் வெப் சர்வீசஸ் செக்யூரிட்டி அதைச் சோப் செய்திகளுக்குப் பொருத்தியது.

செய்முறை அழகானது. ஒவ்வொரு பகுதியிலிருந்தும் ஒரு சுருக்க எண் கணக்கிடப்படும். அந்த எண்கள் ஒரு பட்டியலில் ஏறும். பட்டியலுக்குத்தான் இரகசியச் சாவியால் கையொப்பம். ஒரே செய்தியை இரண்டு கணினிகள் இடைவெளியிலும் பண்புகளின் வரிசையிலும் சற்று வேறாக எழுதக்கூடும். அதனால் வீண் குழப்பம் வராமலிருக்க, முதலில் எல்லாவற்றையும் ஒரே சீரான வடிவத்துக்குக் கொண்டுவருகிறார்கள். பாடபேதம் பார்த்துச் சுத்தப் பதிப்பு போடுகிற வேலை மாதிரிதான் இது.

இனி குற்றம். கையொப்பம் பெற்ற பகுதியைப் பட்டியல் எப்படிச் சுட்டுகிறது? பெரும்பாலும் ஓர் அடையாளக் குறியால். பகுதியின் சொற்கள் கட்டுப்பட்டிருக்கின்றன. இருக்கும் இடம் கட்டுப்படவில்லை. வஞ்சகன் என்ன செய்வான்? கையொப்பமுள்ள பழைய உடற்பகுதியைத் தூக்கித் தலைப்பகுதியில் ஒரு மூலையில் ஒளித்துவைப்பான். காலியான இடத்தில், தொகையையும் கணக்கையும் மாற்றிய புது உடற்பகுதியை வைப்பான். சரிபார்க்கும் நிரல் குறியைத் தேடிப் பழையதைக் கண்டு “சரி” என்று சொல்லும். பணம் அனுப்பும் நிரலோ உடற்பகுதி இருக்கவேண்டிய இடத்தில் உள்ள புதியதைப் படிக்கும். என் முதல் தாள் கதையேதான்!

இது வெறும் கற்பனை அல்ல. 2005-இல் ஐ.பி.எம். ஆய்வாளர்கள் இந்தத் தாக்குதலை விவரித்து எழுதினார்கள். 2011-இல் ஜெர்மனியின் போஹும் ரூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அமேசான் மேகக் கணினிச் சேவையின் கட்டுப்பாட்டு இடைமுகத்தில் இவ்வகைத் தாக்குதல் பலிப்பதைக் காட்டினார்கள். அந்த ஓட்டை பிறகு அடைக்கப்பட்டது.

“விதியில் தப்பில்லைப்பா. கையொப்பமிட்டதை மட்டும்தான் நம்பணும்னு அதிலேயே சொல்லியிருக்கு” என்றான் மகன். உண்மை. 2002-ஆம் ஆண்டு விதியின் எட்டாம் பிரிவில் அந்த எச்சரிக்கை இருக்கிறது. ஆனால் சரிபார்க்கும் முறையைச் சொல்வது மூன்றாம் பிரிவு. நிரல் எழுதுகிறவன் மூன்றோடு நிறுத்திவிட்டால்? செய்முறைக்குள் இருக்கவேண்டிய எச்சரிக்கையைக் கடைசியில் வைத்ததே என் முதல் குறை.

இரண்டாம் குறை ஜாவாவைப் பற்றியது. 2006 டிசம்பரில் வந்த ஜாவா 6 முதல் இந்தக் கையொப்ப வசதி மொழியோடு சேர்ந்தே வருகிறது. சரிபார்க்கும் கட்டளைக்கு அது தரும் பதில் ஒரே சொல்: உண்மை, அல்லது பொய். “எந்தப் பகுதி, எந்த இடத்தில்?” என்பதைத் தனியாகக் கேட்டால்தான் தெரியும். 2021-இல் வந்த ஜாவா 17 கடுமையான சோதனையை இயல்பாகவே இயக்குகிறது. ஒரே குறி இரண்டு இடத்தில் வந்தால் மறுக்கிறது. நல்ல மாற்றம்தான். ஆனால் புது உடற்பகுதிக்கு வேறு குறி கொடுத்துவிட்டால் இந்தத் தடை மட்டும் போதாது.

பரிகாரம் உண்டு. சரிபார்த்த பகுதியையே எடுத்து, அதை மட்டும் அடுத்த நிரலிடம் கொடுக்க வேண்டும். அது உறைக்கு நேர் கீழே உள்ள உடற்பகுதிதானா என்று பார்க்க வேண்டும். நேரக்குறிப்பையும் பெறுநர் முகவரியையும் கையொப்பத்தில் சேர்க்க வேண்டும். அப்பாச்சி டபிள்யூ.எஸ்.எஸ்.4ஜே நூலகத்தில் எந்தப் பகுதி என்று சொல்லாவிட்டால் உடற்பகுதிக்கு மட்டுமே கையொப்பம் விழும்; மற்றவற்றை நாம்தான் பட்டியலிட வேண்டும்.

இடம், பொருள், ஏவல் என்பார்கள் பெரியவர்கள். இந்த விதிநூல் பொருளை நன்றாகக் காக்கிறது. இடத்தை எழுதுகிறவன் கையில் விட்டுவிட்டது. வெளிமாநிலத்தில் வாழும் நம் வீடுகளில் இந்த வேலை செய்யும் பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். சாப்பிடும்போது ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்: “நீ சரிபார்க்கிறதும் நீ படிக்கிறதும் ஒண்ணுதானாப்பா?” நான் அந்த ஒப்பந்தத்துக்குப் பிறகு, எத்தனை தாள் இருந்தாலும் ஒவ்வொன்றிலும் எண் போட்டுக் கையெழுத்திடுகிறேன்.