வெறுப்பேற்ற ஆள் வேண்டும்

2017 ஐபிஎல் இறுதிப் போட்டியில் மும்பை ஒரே ரன்னில் ஜெயித்தது, அதுவும் தோனி ஆடிய புனே அணியை. என் மும்பை ரசிக நண்பன் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். ஆனால் போனில் குரல் சப்பென்று இருந்தது. “நீங்க இல்லாம ஜெயிச்சது கணக்குலயே சேராத மாதிரி இருக்கு மச்சான்.” தடை காரணமாக 2016, 2017 இரண்டு சீசனிலும் சென்னை ஆடவில்லை. எங்களுக்கு அணி இல்லை என்பது சோகம். அவனுக்கு எதிரி இல்லை என்பது அதைவிட விசித்திரமான சோகம்.

2018 ஏப்ரல் 7, வான்கடே. திரும்பி வந்த முதல் ஆட்டமே மும்பையோடு. மூன்று ஓவரில் 47 ரன் வேண்டும், எட்டு விக்கெட் போயாச்சு. பிராவோ 30 பந்தில் 68 விளாசிவிட்டு அவுட். தொடைத் தசைக் காயத்தில் வெளியேறியிருந்த கேதார் ஜாதவ் நொண்டிக்கொண்டே திரும்பினார். கடைசி ஓவரில் ஏழு ரன். மூன்று பந்து வீண். பிறகு ஒரு சிக்ஸர், ஒரு ஃபோர். இதே அடியை வேறு அணிக்கு எதிராக அடித்திருந்தால் கைதட்டியிருப்பேன், அவ்வளவுதான். அன்று நாற்காலியே உடைந்தது (பழைய பிளாஸ்டிக் நாற்காலிதான்).

2019 இறுதிப் போட்டியில் மும்பைக்கு எதிராகக் கடைசிப் பந்தில் எங்களுக்கு இரண்டு ரன் தேவை. மலிங்கா வீச, ஷர்துல் எல்பிடபிள்யூ, மறுபடி ஒரே ரன்னில் மும்பை. உடனே அவன் போன். இரண்டு முறை எடுக்கவில்லை. மூன்றாவது முறை எடுத்தேன்.