அழகுபெறும் நகரும் அகற்றப்படும் மக்களும்

கொழும்பு அழகுபெறுகிறது என்கிறார்கள். அழகை வெறுப்பவர்களல்லர் நாம். ஆயின், அவ்வழகு யாருக்காக, யாருடைய செலவில் என்று கேட்கும் கடமை எமக்குண்டு.

கொம்பனித்தெருவை எடுத்துக்கொள்வோம். ஒல்லாந்தர் காலத்தில் அடிமைகள் அடைத்துவைக்கப்பட்ட இவ்விடத்தில், பிற்காலத்தில் மலாயரும் முஸ்லிம்களும் தமிழரும் சிங்களவரும் சுவரோடு சுவர் ஒட்டி வாழ்ந்தனர். கோட்டையின் தொழிலகங்களுக்கு அவர்தம் உழைப்பு தேவைப்பட்டவரை, அவர்தம் கூரை ஒழுகியது எவர் கண்ணையும் உறுத்தவில்லை. பேர வாவியை அண்டிய நிலத்தின் விலை ஏறியபோதுதான் அது 'சேரி' எனக் கண்டுபிடிக்கப்பட்டது!

பழைய வீடு தரும் வாடகைக்கும், அதே நிலத்தில் மாடமாளிகை எழுந்தால் கிட்டும் வருவாய்க்கும் இடையிலுள்ள இடைவெளியே மூலதனத்தை ஈர்க்கிறது. புவியியலாளர் நீல் ஸ்மித் 1979இல் விளக்கிய இவ்வுண்மை எமது தலைநகருக்கும் பொருந்தும். 2010இல் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ்க் கொண்டுவரப்பட்டது. அதே ஆண்டு மே மாதத்தில் மியூஸ் வீதியில் வீடுகள் இடிக்கப்பட்டன. மக்களைத் தொடர்மாடிகளுக்கு அனுப்பி, விடுபடும் நிலத்தைத் தனியார் முதலீட்டுக்கு வழங்குவதே திட்டமாயிற்று.

ஒழுகாத கூரையும் தனிக் கழிப்பறையும் சிறு பேறல்ல. அவற்றை இகழ்வோர் வறுமையை அறியாதார். ஆயினும் வீடென்பது நான்கு சுவர் மட்டுமன்று. வாசலில் இடியப்பம் விற்றுப் பிழைத்த தாய், பத்தாம் மாடியில் யாருக்கு விற்பாள்? மாதத் தவணையை எங்ஙனம் கட்டுவாள்? அவள் இழந்த அயலாரின் உதவியை எந்த மதிப்பீட்டாளரும் கணக்கிடுவதில்லை.

முதலாளித்துவம் வீட்டுப் பிரச்சினையைத் தீர்ப்பதில்லை, இடம் மாற்றுகிறது என்பதை எங்கெல்ஸ் 1872இலேயே எடுத்துக்காட்டினார். ஆனால், வேறு வழியே இல்லையென்று எவரும் கூறவேண்டாம். பீற்றர் கெனமன் வீடமைப்பு அமைச்சராயிருந்த 1973இல், வீட்டு ஆதன உச்சவரம்புச் சட்டம் தனியொருவர் வைத்திருக்கக்கூடிய வீடுகளுக்கு எல்லை வகுத்தது. குடியிருந்தோர் அவ்வீடுகளை வாங்கவும் வழி திறந்தது. அரசின் கை அன்று குடியிருந்தவன் பக்கம் நீண்டது. பின்னர் அதே கை நிலத்தை விலைபேசுவோன் பக்கம் திரும்பியது. மாறியது சட்டநூலன்று, வர்க்கச் சார்பே.

ஆகவே எமது கோரிக்கை எளியது. மக்களின் சம்மதமின்றி ஒரு சுவரும் இடிக்கப்படலாகாது. வாழ்ந்த இடத்திலேயே வீடும், இடிக்குமுன்னரே கையில் உறுதியும் வழங்கப்படவேண்டும். நகரைக் கட்டியவர்களுக்கு நகரில் இடமில்லையெனில், அந்நகரின் அழகை நாம் அழகென்று ஏற்கமாட்டோம்.