எதிர்மேளத்தார் நேயம்

திருவிழாக் காலத்தில் ஊர் ஊராகப் பிரயாணம் செய்து வாசிக்கும் மேளக் குழுவினர், ஒரே கோயில் வாசலில் எதிரெதிராக நின்று, ஒருவரை ஒருவர் மிஞ்சிவிட வேண்டும் என்று மூச்சைப் பிடித்து முழக்குகிற அதே இரவில், எதிர்ச் செட்டுக்காரரின் வாத்தியத்தில் தோல் கிழிந்துவிட்டால் தம்மிடம் உபரியாக உள்ளதைத் தயங்காமல் தூக்கிக் கொடுப்பதையும், விடியற்காலையில் வண்டி கிடைக்காமல் நிற்கும் அவர்களைத் தம் வண்டியிலேயே நெருக்கி உட்காரவைத்து அழைத்துச் செல்வதையும், தருமபுரிப் பக்கத்துப் பண்டிகைகளை ஊன்றிக் கவனிப்பவர்கள் அறிவார்கள். இந்தச் சம்பிரதாயத்தைப் பற்றிப் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் கண்கலங்கிப் புகழ்ந்துவிட்டுப் போய்விடுகிறார்கள். புகழ்ச்சிக்கு உரியது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும், உயர்ந்த ஒரு வழக்கத்துக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை அதை நிறுத்துப் பார்ப்பதே என்று கருதுவதால், அதன் பலத்தையும் அதில் படிந்திருக்கும் குறையையும் சேர்த்தே ஆராய விரும்புகிறேன்.

தருமபுரி மாவட்டத்தில் மேளத்துக்கு ஓய்வில்லாத மாதங்கள் தையில் தொடங்குகின்றன. குமாரசாமிப்பேட்டை முருகன் கோயிலில், பெண்களே வடம் பிடித்துத் தேர் இழுக்கும் தைப்பூசம். அதன்பின் மாசியில் சிவராத்திரியை ஒட்டி அங்காளம்மனுக்கு மயானக் கொள்ளை. தீர்த்தமலையில் மாசித் தேர். பங்குனியும் சித்திரையும் பிறந்துவிட்டால் அரூர், பென்னாகரம், பாலக்கோடு, காரிமங்கலம் என்று பக்கம் பக்கமாக மாரியம்மன் பண்டிகைகள். திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து. கடைசியாக ஒகேனக்கல்லில் ஆடிப் பதினெட்டு. நாதசுரமும் தவிலும் கொண்ட செட்டு, இடுப்பில் இரட்டைப் பம்பையைக் கட்டிக்கொண்டு உடுக்கையும் சிலம்பும் துணையாக வரும் பம்பைக்காரர், தீயில் காய்ச்சிய தப்பட்டையை இரண்டு குச்சிகளால் அதிர வைக்கும் பறைக்குழு என்று வகை வகையாக இவர்கள் ஓசூருக்கும் பெங்களூருக்கும் கூடச் சென்று வருகிறார்கள். இந்தச் சில மாதங்களின் வருமானத்தைக் கொண்டே எஞ்சிய மாதங்களையும் ஓட்ட வேண்டியிருப்பதால், ஒரு பண்டிகையை எதிர்ச் செட்டிடம் இழப்பது என்பது இவர்களுக்குக் கௌரவப் பிரச்சினை மட்டும் அன்று; பிள்ளைகளின் பள்ளிச் செலவு சம்பந்தப்பட்ட விஷயம்.

போட்டி எப்படி மூளுகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஓர் ஊரில் இரண்டு தெருவார் இரண்டு மண்டகப்படி நடத்தினால், ஒவ்வொருவரும் தத்தமக்குப் பிடித்த செட்டுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அச்சாரம் கொடுத்துவிடுவார்கள். இரண்டு ஊர்வலங்களும் ஒரு முச்சந்தியில் சந்திக்கும்போது கூட்டம் வட்டமாக நின்றுவிடும். யாரும் தீர்ப்பு எழுதுவதில்லை. ஆனால் யார் சட்டையில் ரூபாய்த் தாள்கள் அதிகமாகக் குத்தப்பட்டன, யாருக்கு அடுத்த ஆண்டுக்கு அங்கேயே அச்சாரம் வைக்கப்பட்டது என்பதே தீர்ப்பாகிவிடுகிறது. இத்தனை நேரடியாகத் தீர்ப்பு ஜீவனத்தைத் தொடுகிற ஓர் இடத்தில், எதிராளி நன்றாக வாசிப்பதற்கு வேண்டிய சாதனத்தை நாமே கொடுத்து உதவுவது சாதாரண மனப்பக்குவத்தால் ஆகிற காரியம் அன்று.

இந்த மண்ணில் அப்பக்குவத்துக்கு ஒரு நீண்ட பாரம்பரியம் உண்டு. இன்று அதியமான்கோட்டை என்று வழங்கும் ஊரும் தகடூர் என்ற பழம்பெயரும் நினைவூட்டுகிற அதியமானையும் அவன் மகன் பொகுட்டெழினியையும் ஔவையார் பாடிய புறப்பாடல்களில், இருள் பிரியாத நேரத்தில் வாயிலில் நின்று தடாரி கொட்டுகிறவனின் நிலை பேசப்படுகிறது. பத்துப்பாட்டில் முடத்தாமக்கண்ணியார் இயற்றிய பொருநராற்றுப்படையில், கரிகாலனிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் ஒரு பொருநன், வறுமையோடு எதிரே வருகிற மற்றொரு பொருநனை நிறுத்தி, இன்ன வழியாக இன்னவனிடம் போ என்று அனுப்பிவைக்கிறான். ஒரே தொழிலைச் செய்கிறவன், தான் பெற்ற இடத்தை மறைக்காமல் தன் போட்டியாளனுக்குக் காட்டிக் கொடுக்கும் செயலையே ஓர் இலக்கிய வகையாக வளர்த்த மொழி நம்முடையது என்பதை எண்ணும்போது மனம் நிறைகிறது. ஆனால் ஒரு வேற்றுமையை மறந்துவிடலாகாது. வள்ளலின் களஞ்சியம் வற்றாதது என்ற நம்பிக்கை இருந்த இடத்தில் வழிகாட்டினவனுக்கு நஷ்டம் ஏதுமில்லை. இன்றைய ஊர்ப் பண்டிகையோ வீட்டுக்கு இவ்வளவு என்று வரி வசூலித்து நடப்பது. அதில் ஒரு செட்டுக்குப் போன பணம் மற்றொரு செட்டுக்குப் போகாது. ஆகவே இன்றைய மேளக்காரன் காட்டும் நேயம், பொருநன் காட்டிய நேயத்தைவிட விலை கூடியது என்றே நான் சொல்லுவேன்.

அந்த நேயம் வெளிப்படும் விதங்களுள் சில பலரும் கவனிக்கக்கூடியவை. பனி இறங்கி, பறையின் தோல் தளர்ந்து, ஓசை மந்தமாகிவிடும் இரவில், ஒரு குழுவினர் வைக்கோலைக் கொளுத்தி மூட்டிய தீயில் எதிர்க்குழுவினரும் வந்து தம் பறைகளைக் காய்ச்சிக்கொள்வார்கள். எரிகிற வைக்கோல் யாருடையது என்று எவரும் கேட்பதில்லை. விரல்களில் மாட்டும் கூடு உடைந்துபோன தவில்காரருக்கு எதிர்த் தவில்காரர் தம்முடையதில் ஒன்றை அளவு பார்த்துக் கொடுப்பார். காய்ச்சலில் படுத்துவிட்ட ஒரு பம்பைக்காரருக்குப் பதிலாக வேறு செட்டிலிருந்து ஓர் ஆள் வந்து நின்று, கூலியில் ஒரு பங்கைப் படுத்திருப்பவர் வீட்டுக்கே அனுப்பிவிடுவதும் உண்டு. இவற்றையெல்லாம்விட எனக்கு உயர்ந்ததாகத் தோன்றுவது, கேட்கத் தெரிந்த காதுக்கு மட்டும் புலப்படும் ஓர் உபகாரம். முச்சந்தியில் இரு தவில்களும் மாறி மாறிப் பேசும்போது, எதிராளி நீண்ட கோர்வை ஒன்றை எடுத்து, அது தீர்மானத்தை நோக்கி நெருங்கிக்கொண்டிருக்கையில், இடையில் புகுந்து ஓர் அடி அடித்தால் அவன் கணக்குக் குலைந்துவிடும் என்று தெரிந்தும், கையைத் தவிலின் மேல் வைத்துக்கொண்டு காத்திருந்து, அவன் சமத்தில் வந்து விழுந்த பிறகே தன் பதிலைத் தொடங்குவது. கூட்டத்தில் முக்கால்வாசிப் பேருக்கு அந்தக் காத்திருத்தல் தெரியாது. அதற்குச் சன்மானமும் இல்லை. போட்டியை விட்டுக்கொடுக்காமலே போட்டியாளனைக் காக்கும் அந்தக் கணத்தில்தான் இந்த வழக்கத்தின் சாரம் இருக்கிறது: எதிரி முழுப் பலத்தோடு நிற்க வேண்டும், அப்படி நிற்பவனையே வெல்ல வேண்டும் என்ற வீரத்தின் தர்மம் அது.

அமெரிக்காவில் 1972 முதல் நடந்துவரும் முரசணிப் போட்டிகளை இங்கே ஒப்பு நோக்குவது பயனுள்ளது. முதல் ஆண்டில் விஸ்கான்சின் மாநிலத்து வைட்வாட்டர் என்ற ஊரில் பட்டம் தீர்மானிக்கப்பட்ட அந்தப் போட்டிகளுக்காக, இளைஞர்களைக் கொண்ட முரசு, ஊதுகுழல் அணிகள் கோடைக்காலம் முழுவதும் பேருந்துகளில் மாநிலம் மாநிலமாகச் சுற்றுகின்றன. இரவில் பள்ளிக்கூட விளையாட்டுக் கூடங்களின் தரையில் படுத்து உறங்கிப் பகலில் வெயிலில் பயிற்சி செய்கின்றன. நடுவர்கள் தசம பின்னங்களில் மதிப்பெண் இடுகிறார்கள். அவர்களுக்குள்ளும் போட்டியினூடே நட்பு வளர்வது இயல்பே. ஆயினும் அங்கே வாசிக்கும் இளைஞர்கள் கூலி பெறுவதில்லை. கட்டணம் செலுத்தியே சேர்கிறார்கள். தோற்றால் வருத்தம் உண்டே தவிர அடுப்பு அணைவதில்லை. ஆகையால் அவர்களுடைய நட்பு பண்பின் மலர்ச்சியாக இருக்க, நம்முடைய மேளக்காரரின் நட்பு பசியோடு போராடிப் பெற்ற வெற்றியாக இருக்கிறது. அவர்களிடமிருந்து நாம் கற்க வேண்டியதும் ஒன்று உண்டு: குறை எங்கே, நிறை எங்கே என்று போட்டி முடிந்ததும் ஒளிவு மறைவின்றிச் சொல்லிவிடும் ஏற்பாடு.

ஏனெனில், நம்மிடையே நேயம் சில இடங்களில் தாட்சண்ணியமாகத் திரிந்துவிடுகிறது. எதிர்ச் செட்டுக்காரன் தாளம் தப்பினால் அதைப் பற்றிப் பிறர் முன்னிலையில் வாய் திறக்கலாகாது என்பது நல்ல கட்டுப்பாடுதான். ஆனால் அவனிடம் தனியாகக் கூடச் சொல்லாமல், நாளை நமக்கும் இப்படி நேரலாம் என்று விட்டுவிடும்போது, பயிற்சி போதாத இளைஞன் தன்னைத் தேர்ந்தவன் என்றே நம்பி வளர்ந்துவிடுகிறான். ஆள் குறைந்தபோது ஆளை மாற்றிக்கொள்ளும் வழக்கமும் அளவு கடந்தால், ஒவ்வொரு செட்டுக்கும் தனியாக இருந்த நடையும் அடியும் கலந்து எல்லாச் செட்டும் ஒரே மாதிரி ஒலிக்கத் தொடங்கும் அபாயம் இருக்கிறது. போட்டி என்பது வெறும் பெயராகிவிட்ட பிறகு எஞ்சுகிற நட்பை நான் பெரிதாக மதிக்கமாட்டேன். அது கலைக்கு எதையும் சேர்ப்பதில்லை.

இதைவிடக் கடுமையான குறை வேறொன்று. இந்த நேயம் எவ்வளவு தூரம் செல்கிறது என்று அளந்து பார்த்தால், பெரும்பாலும் ஒரே வாத்தியக்காரருக்குள், அதாவது ஒரே ஜாதியாருக்குள்தான் அது சுற்றிச் சுற்றி வருகிறது. தவில்காரர் தவில்காரருக்குக் கொடுக்கிறார். பறைகாரர் பறைகாரருக்குக் கொடுக்கிறார். கோயில் வாசல்வரை வந்து நிற்கும் நாதசுரச் செட்டுக்கும், ஊர்வலத்தின் முகப்பில் நடந்தும் பந்தி நடக்கும் இடத்திலிருந்து விலக்கியே நிறுத்தப்படும் தப்பட்டைக் குழுவுக்கும் இடையில், ஒரே இரவில் ஒரே தெருவில் ஒரே சாமிக்கு வாசித்தும், அந்த உபரி வாத்தியமும் வண்டியில் இடமும் எளிதில் கைமாறுவதில்லை. சாவு வீட்டில் பறை அடித்தே ஆக வேண்டும் என்ற ஊர்க் கட்டாயத்தை எதிர்த்து, இனி அடிப்பதில்லை என்று தமிழ்நாட்டின் பல ஊர்களில் பறைகாரர் உறுதி எடுத்தபோது, எத்தனை செட்டுக்காரர் அவர்கள் பக்கம் நின்றார்கள் என்ற கேள்வியைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். 2012 நவம்பர் 7ஆம் நாள் இந்த மாவட்டத்தில் நாயக்கன்கொட்டாயை அடுத்த நத்தம், கொண்டம்பட்டி, அண்ணா நகர் ஆகிய தலித் குடியிருப்புகள் ஜாதி வன்முறையில் தீக்கிரையானதை அறிந்தவர்கள், மேளக்காரரின் நேயம் ஒன்றே இந்த ஜாதிச் சுவரை இடித்துவிடும் என்று நம்பிக்கொண்டிருக்க முடியாது. ஆனால் சுவரைத் தொட்டுக்கூடப் பார்க்காத நேயத்தை முழுமையானது என்று நான் ஒப்புக்கொள்ளவும் மாட்டேன். 2025இல் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கும் தெருக்கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்ப சம்பந்தனுக்கும் ஒரே பட்டியலில் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. அந்தப் பட்டியலில் கிடைத்த சமமான வரிசை, பண்டிகையன்று ஊர்ச் சாப்பாட்டுப் பந்தியில் ஏன் கிடைக்கவில்லை?

கேரளத்துச் செண்டை மேளத்தையும், ஒலிபெருக்கி வைத்த பேண்டு செட்டையும் அழைக்கும் மோகம் பெருகியபின், உள்ளூர் மேளக்காரரின் தாராளம் புதியவர்களிடம் அத்தனை தாராளமாக இல்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். அதில் நியாயமான அச்சம் கலந்திருப்பதால் அதைப் பெரிதுபடுத்த நான் விரும்பவில்லை. செண்டை அடிக்க வருகிறவனும் கூலிக்காக ஊர் விட்டு ஊர் வந்தவனே என்பதை மட்டும் சொல்லி நகர்கிறேன்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது இந்த வழக்கத்தின் எல்லை வெட்டவெளிச்சமாயிற்று. ஒருவனுக்குக் கை ஒடிந்தால் மற்றவன் தாங்கலாம்; ஒரு செட்டுக்குப் பண்டிகை தவறினால் இன்னொரு செட்டு தன் பண்டிகைக்கு ஆளாக அழைத்துக்கொள்ளலாம்; பங்குனி, சித்திரை, வைகாசி என்று பண்டிகைகள் யாவும் ஒருசேர நின்று, அடுத்த ஆண்டும் அதே கதியானபோது, கொடுக்க நினைத்தவன் கையிலும் ஒன்றுமில்லை. சமநிலையில் உள்ள ஏழைகள் பரஸ்பரம் செய்துகொள்ளும் உதவி, தனி மனிதனுக்கு வரும் துன்பத்தை வெல்லுமே ஒழிய, அனைவருக்கும் ஏககாலத்தில் வரும் துன்பத்தை வெல்லாது. அதற்கு நேயத்தோடு சேமிப்பும் சட்டமும் வேண்டும். நாட்டுப்புறக் கலைஞர் நல வாரியம் என்று ஒன்று அரசாங்கத்தில் இருக்கிறது. ஆனால் பெயரைப் பதிவு செய்யவே வழி தெரியாமல் தவிக்கும் முதியவருக்கு, படிவத்தை நிரப்பிக் கொடுக்கக்கூடிய எதிர்ச் செட்டு இளைஞன் அந்த வேளையில் தவிலைக் கொடுப்பவனைவிடப் பெரிய உபகாரி ஆகிறான்.

இந்த மேளக்காரரின் மாண்பைப் புகழ்ந்து பேசிக்கொண்டே, பேசிய கூலியில் ஒரு பகுதியை அடுத்த வாரம் என்று தள்ளிப்போடும் விழாக் குழுவினரையும் நான் கண்டிருக்கிறேன். மேளக்காரன் சண்டை போடமாட்டான், நல்லவன் என்ற பெயரே அவனுக்கு அங்கே பாதகமாக முடிகிறது; அவன் பொறுமையையும், எதிர்ச் செட்டுக்காரன் சாப்பாடு போட்டுவிடுவான் என்ற நம்பிக்கையையும் சேர்த்து வைத்துத்தான் அந்தத் தாமதம் கணக்கிடப்படுகிறது. ஆகையால், எதிரெதிராக நின்று வாசிக்கும் செட்டுகள், வாத்தியத்தையும் தீயையும் பகிர்ந்துகொள்வதோடு நின்றுவிடாமல், இன்ன தொகைக்குக் குறைந்து எவரும் அச்சாரம் வாங்குவதில்லை, கூலிப் பாக்கி வைத்த ஊருக்கு அடுத்த ஆண்டு எந்தச் செட்டும் போவதில்லை என்று தமக்குள் ஓர் ஒப்பந்தம் எழுதிக்கொள்ள வேண்டும். அந்த ஒப்பந்தத்தில் பம்பைக்காரரும் தவில்காரரும் கையெழுத்திடும் தாளிலேயே பறைகாரரும் கையெழுத்திட வேண்டும். அவர்களை வெளியே நிறுத்தி எழுதப்படும் ஒப்பந்தத்தை, குறைந்த கூலிக்கு அவர்களை அழைத்து முறியடிப்பது எந்த விழாக் குழுவுக்கும் சுலபம். தைப்பூசத்துக்கு அச்சாரம் வைக்கத் தொடங்கும் கார்த்திகை மாதமே இதைப் பேசி முடிப்பதற்கு ஏற்ற காலம்.