நாற்காலி உண்டு, நாவில்லை!

நீதிமன்றத்திலே 'அசெசர்' என்றொருவர் அமர்ந்திருந்த காலம் உண்டு. 1898ஆம் ஆண்டின் குற்ற விசாரணை முறைச் சட்டம் செஷன்ஸ் நீதிபதியின் பக்கத்தில் அவருக்கு நாற்காலி தந்தது. விசாரணை முடிந்ததும் அவர் கருத்துரைப்பார், நீதிபதி கேட்பார். ஏற்றாக வேண்டுமா? கட்டாயமில்லை! நாற்காலி தந்தார்கள், நாவுக்கு வலிமை தரவில்லை. 1955ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த நாற்காலியையும் அகற்றியது.

நில வழக்கிலும் அசெசர் இருந்தார். 1870ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம், இழப்பீட்டை முடிவுசெய்ய, கலெக்டர் தரப்பில் ஒருவரையும் நிலத்துக்குரியவர் தரப்பில் ஒருவரையும் நீதிபதியோடு அமர்த்தியது. உழுதவன் குரலுக்கும் ஓர் இடம்! 1894ஆம் ஆண்டுச் சட்டம் அந்த இடத்தைப் பறித்தது. 2013 முடியும் வரை அச்சட்டமே நம்மை ஆண்டது.

2013ஆம் ஆண்டின் புதிய சட்டம் எழுவர் குழுவொன்றைக் கொண்டுவந்தது. அரசு ஊழியரல்லாத சமூகவியலார் இருவர், ஊராட்சிப் பேராளர் இருவர், மறுவாழ்வுத் துறை வல்லுநர் இருவர், தொழில்நுட்பம் அறிந்தவர் ஒருவர். சமூகத் தாக்க அறிக்கையை எடைபோடுவது இவர்கள் பணி. 'வேண்டாம்' என்று இவர்கள் சொன்னாலும் அரசு நிலத்தை எடுக்கலாம்; ஆனால் காரணத்தை எழுதி வைக்க வேண்டும். சிறிய கடிவாளந்தான், எனினும் கடிவாளம்!

மண்ணூரிலிருந்து ஒரகடம் வரை தொழிற்சாலைகள் அணிவகுத்து நிற்கும் நம் வட்டாரத்துக்கு அந்தக் கடிவாளம் வந்ததா? தொழிலுக்கு நிலம் எடுக்க 1997ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் தனியே இருக்கிறது. அதற்கு விலக்களித்தார்கள். 2019இல் சென்னை உயர்நீதிமன்றம் விலக்கைச் செல்லாதென்றது. அதே ஆண்டு சட்டமன்றம் புதுச் சட்டத்தால் உயிரூட்டியது. 2021இல் உச்சநீதிமன்றம் அதை ஏற்றது. இழப்பீட்டுக்குப் புதிய கணக்கு உண்டு. உரியவருக்கு நோட்டீசு உண்டு. காரணம் காட்ட வாய்ப்பும் உண்டு. ஆனால் எடுப்பதும் அரசு, கேட்பதும் அரசு, தீர்ப்பதும் அரசு! நடுவே எடைபோடும் எழுவர் இல்லை.

தொழிற்சாலை வேண்டாம் என்பதல்ல நம் வாதம். ஆலை எழட்டும், வேலை பெருகட்டும். விரைவு வேண்டும் என்பாரும் உளர். எழுவர் கருத்தைக் கேட்பதாலா தொழில் நின்றுவிடும்? நிலம் இழப்பவன் பணம் பெறுவான். குத்தகைக்கு உழுதவனும் கூலிக்கு நட்டவளும் படும் பாட்டை யார் எடைபோடுவது?

இளைஞர்காள்! ஊராட்சியின் கிராமசபை உங்கள் மன்றம். அங்கே எழுந்து கேளுங்கள்: எங்கள் ஊரை அளக்கும்போது, எங்கள் பக்கத்தில் அமர்ந்து அளப்பவர் யார்? பதில் வரும்வரை கேளுங்கள். நாவுள்ள நாற்காலியை நாம் கேட்டுத்தான் பெறவேண்டும்!