இசை நாடகமும் உதிரிப் பாட்டும்: நந்தனார் சரித்திரக் கீர்த்தனையை முன்னிட்டு ஓர் ஆய்வு

பாட்டொன்றைக் கேட்குங்கால் அதன் இராகம் யாது, தாளம் யாது என வினவுதல் நம்மவர் வழக்கம். அதனைப் பாடும் பாத்திரம் யார், யாரை நோக்கிப் பாடுகின்றது என வினவுவார் அரியர். தனிப்பாட்டாயின் இவ்வினா எழாமை குற்றமாகாது. நாடகத்தின் உறுப்பாய்ப் பிறந்த பாட்டுக்கோ இதுவே முதல் வினா. கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையை இவ்வினாவைக் கொண்டு அணுகுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒப்புநோக்கிற்கு ஐரோப்பியரின் இசை நாடகமாகிய ஓபரா பெரிதும் பயன்படும். பண்டைக் கிரேக்க நாடகத்தை மீட்க விழைந்த அறிஞர் சிலரால் 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியின் பிளாரன்சு நகரில் தோன்றிய இக்கலை, 1607இல் மாந்துவா நகரில் அரங்கேறிய மான்டிவெர்டியின் ‘ஆர்பியோ’வால் உரம்பெற்றது. 1637இல் வெனிசு நகரில் பணங்கொடுத்து எவரும் காணத்தக்க அரங்கு திறக்கப்பட்டபின் பொதுமக்கள் கலையாகவும் ஆயிற்று. கதையை நடத்திச் செல்லும் பேச்சிசையும், உணர்ச்சி மீதூர்ந்தவிடத்து நின்று பாடும் தனியிசையும் அதன் இரு கூறுகள். நாளடைவில் பாடகர் ஆட்சி மிகுந்தது. குரல் வன்மையைக் காட்டுதற்பொருட்டுக் கதை காத்து நிற்க நேர்ந்தது. இதனைப் பொறாத குளுக் என்னும் இசைப்புலவர், 1769இல் அச்சான தம் ‘அல்செஸ்தே’ நாடகத்தின் முன்னுரையில், இசை கவிதைக்கும் கதைக்கும் பணிசெய்தல் வேண்டும் என வாதிட்டார். அங்கும் தனியிசைப் பகுதிகள் கச்சேரிகளில் பிரித்துப் பாடப்படுகின்றன. ஆயினும் முழு நாடகம் அரங்கில் நின்று நிலவுதலின், பிரிந்து சென்ற பாட்டுக்குத் திரும்பிவரத் தாய்வீடு உண்டு.

நம் நிலை வேறு. இசை நாடகம் என்றவுடன் சிலப்பதிகார அரங்கேற்று காதைக்குச் சென்று, அங்கேயே தங்கிவிடும் கட்டுரைகளை நாம் நிரம்பக் கண்டிருக்கின்றோம். அத்துணைத் தொலைவு ஈண்டுச் செல்ல வேண்டுவதில்லை. 18ஆம் நூற்றாண்டில் சீகாழி அருணாசலக் கவிராயர் இராம நாடகக் கீர்த்தனையை இயற்றித் திருவரங்கத்தில் அரங்கேற்றினார். சொல் அவருடையது, இசையமைப்பில் அவர்தம் மாணாக்கராகிய சட்டநாதபுரத்து வேங்கடராமையர், கோதண்டராமையர் இருவர்க்கும் பெரும்பங்கு உண்டு. புலவரும் இசையமைப்பாளரும் வேறாய் நின்று ஒரு நாடகத்தை ஆக்கும் இம்முறை ஓபராவிற் பெருவழக்கு, நம்மிடத்து அரிது. திருவையாற்றில் வாழ்ந்த தியாகராசரும் தெலுங்கில் ‘பிரகலாத பக்தி விஜயம்’, ‘நௌகா சரித்திரம்’ என்னும் இசை நாடகங்களை இயற்றினார். இவ்வழியில் 19ஆம் நூற்றாண்டில் வந்தவரே பாரதியார்.

பெரியபுராணத்துத் திருநாளைப்போவார் வரலாற்றில் வேதிய ஆண்டை எவரும் இலர். ஆதனூர்ப் புலைப்பாடியிற் பிறந்த அடியார்க்குத் தில்லை செல்லவொட்டாத தடை, தம் பிறப்பை எண்ணிய அச்சமேயாகும். அத்தடை அவர் உள்ளத்துள் நிற்பது. பாரதியார் அதனை வெளியே கொணர்ந்து நிறுத்தினார். நந்தனைப் பண்ணையாள் ஆக்கினார். அவனுக்கு வேதியர் ஒருவரை ஆண்டையாக்கினார். நாற்பது வேலி நிலத்தையும் விளைவித்துவிட்டுத் தில்லைக்குப் போ என்னும் கட்டளையை அவ்வேதியர் வாயிற் பிறப்பித்தார். சேரி முதியோரையும் எதிர்த்தரப்பாக்கினார். குலதெய்வ வழிபாட்டை விட்டுச் சிவனை நாடுதல் அவர்க்கு ஒவ்வாச் செயலாயிற்று. சேக்கிழார் கூறாத இவற்றைச் சேர்த்தது பிழை எனச் சைவச் சான்றோர் சிலர் வருந்துவர். நம் கருத்து அதனின் வேறு. முரண் இன்றி நாடகம் இல்லை. பாரதியார் செய்த இம்மாற்றமே ஒரு புராணப் பகுதியை இசை நாடகமாக்கிற்று. அன்றியும், பக்திக்குத் தடையாவது மனத்தளவில் நிற்பதன்று, நிலவுடைமையும் கூலியுழைப்பும் சாதியும் கூடிச் சமைத்தது என்னும் உண்மை இதனாலேயே பாட்டிற்குள் புகுந்தது.

எனவே நந்தன் விடைகேட்டுப் பாடும் பாட்டு வெறும் வழிபாட்டுப் பாட்டு அன்று. அதன் ஒரு முகம் கூத்தப்பிரானை நோக்கியும் மறுமுகம் ஆண்டையை நோக்கியும் நிற்கின்றது. அதற்கு மறுமொழியாக வேதியரின் சினமும் ஏளனமும் பாட்டாக வருகின்றன. சிந்தும் கண்ணியுமாகிய எளிய மெட்டுக்கள் ஒருபால், பெரிய இராகங்களிலமைந்த கீர்த்தனைகள் ஒருபால், இடையிடையே விருத்தமும் வசனமும் என நூல் நடக்கின்றது. ஓபராவின் பேச்சிசை செய்யும் பணியை இங்கு வசனமும் விருத்தமும் செய்கின்றன.

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாரதியார் சிறப்புப்பாயிரம் வேண்டிய செய்தி உ. வே. சாமிநாதையர் எழுத்தால் யாவரும் அறிந்தது. இலக்கண வழுக்களைக் கண்டு பன்னாள் தயங்கிய பிள்ளையவர்கள், திண்ணையிற் காத்திருந்த பாரதியார் தமக்குள் உருகிப் பாடக் கேட்டபின்னரே மனம் நெகிழ்ந்து பாயிரம் அளித்தார். இதனைப் பெருந்தன்மைக்குச் சான்றாகவே எடுத்தோதுவர். திறனாய்வாளர்க்கு இதில் வேறொரு செய்தியும் உளது. ஏட்டிற் படித்தபோது குறையெனப் பட்டது செவியிற் கேட்டபோது படவில்லை. இசை நாடகத்தின் பனுவல் ஏட்டளவில் முற்றுப்பெறுவதில்லை என்பதே அது. சாமிநாதையர் மாயூரத்தில் பாரதியாரிடம் சிலகாலம் இசை பயின்றதும், ஆசிரியர்க்கு அது உவப்பின்மையின் நிறுத்தியதும் நாம் அறிவோம். தமிழ்ப்புலமையும் இசையும் பிரிந்து நின்ற பிரிவின் இழப்பை இன்றும் நாம் சுமக்கின்றோம்.

பாடகர்பால் இந்நாடகங்கள் செய்த மாற்றம் பெரிது. தஞ்சைக் கிருஷ்ண பாகவதர் முதலியோர் கதாகாலட்சேபத்தில் நந்தன் கதையை ஊர்தோறும் பரப்பினர். சங்கரதாசு சுவாமிகள் (1867–1922) ‘வள்ளி திருமணம்’, ‘பவளக்கொடி’ போன்ற நாடகங்களால் மேடைக்கெனப் பாடகர் தலைமுறை ஒன்றனையே பழக்கினார். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டியிருந்தமையின் உச்சக் குரல் மேடைக்குரிய இலக்கணமாயிற்று. 1933இல் இளமையிலேயே மறைந்த எஸ். ஜி. கிட்டப்பாவின் புகழும், கே. பி. சுந்தராம்பாளின் புகழும் இதன்மேல் எழுந்தவை. ஆயினும் குளுக் வருந்திய நோய் இங்கும் பற்றிற்று. பாட்டுக்காக அவையோர் மீண்டும் மீண்டும் ‘ஒன்ஸ்மோர்’ கேட்க, கதை அங்கங்கே நின்றது.

1935இல் வெளிவந்த ‘பக்த நந்தனார்’ படத்தில் சுந்தராம்பாள் நந்தனாராகவும், கச்சேரி வித்துவானாகிய மகாராசபுரம் விசுவநாதையர் வேதியராகவும் நடித்தனர். இரு தரப்பிற்கும் ஒத்த இசைவன்மை வேண்டும் என்பதை உணர்ந்த தேர்வு அது. 1942இல் வந்த ‘நந்தனார்’ படத்தில் நந்தனாராக நடித்த எம். எம். தண்டபாணி தேசிகர் பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழக இசைத்துறையிற் பணியாற்றினார்.

அப்பல்கலைக்கழகத்தைச் சார்ந்தெழுந்த தமிழிசை இயக்கத்திற்கும் இசை நாடகமே பெருங்கருவூலமாய் நின்றது. கச்சேரிகளில் தமிழ்ப்பாட்டு மிகுதல் வேண்டும் என்னும் குரல் 1940களில் எழுந்தபோது, கையெட்டும் தொலைவில் இருந்தவை அருணாசலக் கவிராயர், பாரதியார் ஆகியோர் பாடல்கள். இயக்கம் அவற்றை மேடையேற்றியது நன்றே. ஆனால் ஏற்றியது பாட்டை மட்டும், நாடகத்தை அன்று. பெரிதும் பாடப்படுவன நந்தனின் வேண்டுகோளும் உருக்கமுமே. வேதியர் வாய்மொழி மிகுதியும் மறைந்தது. சேரி முதியோர் அறவே மறைந்தனர். விளைவு யாது? விடை மறுக்கப்பட்ட ஓர் உழவுத் தொழிலாளியின் குரல், யார்க்கும் இடையூறில்லாப் பொதுப் பக்திக் குரலாக மாறிற்று. நூலிலிருந்து ஒரு சொல்லும் திருத்தாமல், பாட்டைப் பிரித்தெடுத்ததனாலேயே பொருள் திரிந்தது. இதனை நாம் சிறு குறையாகக் கருதவில்லை.

விருத்தாசலத்தில் இருந்து இதனை எழுதும் நமக்கு மாற்றுச் சான்று தொலைவில் இல்லை. இப்பகுதிச் சிற்றூர்களில் திரௌபதியம்மன் விழாவில் ஆடப்பெறும் தெருக்கூத்தில், திரைக்குப்பின் நிற்கும் வேடதாரியை நோக்கி, நீர் யார் என்று கட்டியக்காரன் வினவுவான். அதற்கு விடையாகவே முதற்பாட்டு எழும். பின்பாட்டுக்காரர் அதனை ஏற்றுப் பாடுவர். யார், யாரிடம் என்னும் வினா இங்கு மறக்கப்படுவதே இல்லை. கூத்தின் இசையைச் செம்மையற்றது எனக் கச்சேரி இரசிகர் ஒதுக்குவர். இசை நாடக இலக்கணத்தைக் காத்து நிற்பதில் அது கச்சேரியினும் மேம்பட்டது என்பதில் நமக்கு ஐயமில்லை. மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்து ஸ்பெஷல் நாடகங்களில் வள்ளிக்கும் வேடனுக்கும் நிகழும் தர்க்கமும் இத்தகையதே.

செய்யத்தக்கது எளிது. பதிப்பிப்போர் நந்தனார் கீர்த்தனைகளை இராக வரிசையிலோ அகர வரிசையிலோ உதிர்த்து அடுக்காமல், முன்னுள்ள வசனத்தோடும் விருத்தத்தோடும், பாடும் பாத்திரத்தின் பெயரோடும் அச்சிடல் வேண்டும். பாடுவோர் நந்தன் வேண்டுகோளை அடுத்து வேதியர் மறுமொழியையும் பாடிக்காட்டலாம். அதற்கு இருவர் வேண்டும் என்பதில்லை. கதாகாலட்சேபம் செய்த பாகவதர்கள் ஆண்டையையும் அடிமையையும் ஒரே குரலிற் பாடியவர்களே.