விளிம்பில் தொடங்கும் போர்வை

கொச்சியின் மட்டாஞ்சேரி ஜூ டவுன் தெருவில் கடைக்குக் கடை ஒட்டுத்துணி விரிப்புகள் தொங்குகின்றன. குஜராத், ராஜஸ்தான் பக்கத்துப் பழைய பாவாடைத் துண்டுகளும் ரவிக்கைத் துண்டுகளும் கண்ணாடிச் சில்லோடு மெஷினில் சேர்த்து அடிக்கப்பட்டவை. பார்க்க நன்றாகத்தான் இருக்கும். தேவராவிலிருந்து விருந்தாளிகளை அங்கே அழைத்துப்போகும்போதெல்லாம் ஒன்றைத் திருப்பி அதன் முதுகைப் பார்ப்பது என் வழக்கம். கடைக்காரர்களுக்கு இது பிடிப்பதில்லை. முதுகில் லைனிங் துணி ஒன்று எல்லாவற்றையும் மூடியிருக்கும். தைத்த கை எங்கே வளைந்தது, எங்கே களைத்தது என்று ஒன்றும் தெரியாது.

தனக்கு வேண்டிய ஒருவருக்காக ஒருத்தி தைத்த போர்வையை ரசிக்க, முதுகிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவை கர்நாடகத்தின் வடகன்னட மாவட்டத்துச் சித்திப் பெண்கள் தைக்கும் ‘கவந்தி’ப் போர்வைகள். ஆப்பிரிக்காவிலிருந்து போர்த்துக்கீசியர் கோவாவுக்கு அடிமைகளாகக் கொண்டுவந்தவர்களில் பலர் தப்பி ஓடிக் காட்டோரமாகக் குடியேறினார்கள். அவர்கள் வழி வந்தவர்களே எல்லாப்பூர், ஹளியாள், முண்டகோடு பகுதிகளில் வாழும் சித்திகள். கொச்சியை 1663 வரை பிடித்து வைத்திருந்ததும் அதே போர்த்துக்கீசியர்தான்.

கவந்திக்கு அடித்துணி பெரும்பாலும் ஒரு பழைய சேலை. அதன் மூலையில் ஊசி இறங்குகிறது. ஒரு துண்டை எடுத்து, ஓரத்தை விரலால் மடித்து, அடித்துணியோடு சேர்த்து ஓட்டுத் தையல் போட்டபடியே அடுத்த துண்டுக்குப் போவார்கள். நான்கு ஓரமும் சுற்றி வந்ததும் அடுத்த சுற்று உள்ளே தள்ளி வரும். இப்படிச் சுருங்கிச் சுருங்கி நடுவில் முடியும். மேற்கத்திய முறையில் துண்டுகளை அளந்து வெட்டி, முதலில் மேல்துணியை முழுவதுமாக இணைத்துவிட்டு, பிறகு அடுக்குகளைச் சேர்த்துத் தைப்பார்கள். கவந்தியில் இரண்டும் ஒரே வேலை. கடைசியில் எப்படி வரும் என்று தைக்கிறவளுக்கே முன்கூட்டித் தெரியாது. ஒரு சிவப்புத் துண்டு தீர்ந்துபோனால் அந்த இடத்தில் ஒரு பச்சைக் கட்டம் வந்து உட்காரும். அது வந்த பிறகு எதிர்மூலையில் இன்னொரு பச்சை வேண்டியிருக்கும். இந்தத் தொடர் முடிவுகளைக் கண்ணால் பின்தொடர்வதில்தான் எனக்குச் சுகம். முன்புறத்தில் வண்ணங்கள் கவனத்தைக் கலைத்துவிடும். திருப்பிப் போட்டால் தையல் வரிசை மட்டும் நிற்கும், சுற்றுக்குள் சுற்றாக.

நான்கு மூலையிலும் துணியை மடித்து மடித்து அடுக்கிய ‘பூலா’ இருக்கும். பூ என்று பொருள். அது இல்லாத கவந்தியை அம்மணமாக இருப்பதாகச் சொல்வார்கள். நடுவை மூடுமுன் சிலர் நாலைந்து அரிசி மணிகளை உள்ளே வைப்பார்கள், போர்வையின் வயிறு பசிக்கக் கூடாதாம். பேரக் குழந்தைகளின் தொட்டிலுக்குத் தைப்பவை சிறியவை. சின்னச் சின்னத் துண்டுகளால் கண்ணைப் பறிக்கும். 2011இல் நியூயார்க்கின் ஷோம்பர்க் மையத்தில் கவந்திகள் காட்சிக்கு வைக்கப்பட்டன. நல்ல காரியந்தான், ஆனால் மடியில் பிறந்த பொருளைச் சுவரில் தொங்கவிட்டால் அதன் கனமும் சுருக்கமும் கைக்கு எட்டாமல் போய்விடுகின்றன.

வங்கத்தின் பழந்துணிப் போர்வையான காந்தாவிலும் பரிசின் உச்சம் ஒன்று உண்டு. கொல்கத்தா அருகே ஜோக்காவில் உள்ள குருசதய் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த அந்தக் காந்தாவைத் தைத்தவர் 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மானதாசுந்தரி. தன் தகப்பனாருக்காகத் தன் கையால் செய்தது என்று துணியிலேயே எழுத்தாகத் தைத்திருக்கிறார். இப்படிப் பெயர் பொறித்துக் கொடுத்தவர்கள் மிகக் குறைவு. எத்தனையோ பாட்டிகளின் போர்வைகள் பெயரில்லாமல் கிழிந்து போயின.

நம் வீடுகளிலும் பழைய நூல் சேலையை மடித்து, ஓரம் தைத்துப் பிள்ளைக்குக் கீழே போடுவது நேற்றுவரை நடந்ததுதானே. அதில் கலை இல்லை என்று ஒதுக்க எனக்கு மனம் வராது. பலமுறை துவைத்த சுங்குடியின் மென்மை எந்தப் புதுத் துணிக்கும் வராது. அதனால்தான் புதிய பாப்ளினை வாங்கி வெட்டித் தைத்துப் பரிசளிக்கிறவர்களிடம் எனக்கு ஒரு சின்ன மனத்தாங்கல். கஞ்சி விறைப்பு போகவே வெகுகாலம் ஆகும். பரிசு பெறுபவர் வீட்டு சோபா நிறத்துக்குப் பொருத்தம் பார்த்துத் தைப்பது அதைவிட மோசம். அவர் கட்டிய சேலை, அவர் மகன் பள்ளிக்குப் போட்ட சட்டை என்று நாலு துண்டு கேட்டு வாங்குங்கள். கேட்பதற்குக் கூச்சமாக இருந்தால் அந்த வீட்டுக்குப் போர்வை தைக்கும் அளவுக்கு இன்னும் நெருங்கவில்லை என்று பொருள்.

பாலியெஸ்டர் துண்டைச் சேர்க்காதீர்கள். பருத்தியோடு சேர்ந்து சுருங்காமல் தனியே உப்பிக்கொண்டு நிற்கும். பருத்தி அடுக்குகளோ தைத்தபின் முதல் துவைப்பில் இறுகி, அவற்றில் தையலுக்குத் தையல் மெல்லிய மேடுபள்ளம் விழும். அதைத் தடவிப் பார்த்தால்தான் நல்ல கை எது என்று தெரியும். இழுத்து இறுக்கிய நூல் துணியைக் குறுக்கிவிடும், தளர்ந்த நூல் குழந்தையின் கால்விரலில் மாட்டும்.

கொச்சிக்காரருக்குக் கொடுப்பதானால் நடுவில் பஞ்சும் வேண்டாம். கர்க்கடக மாத மழையில் பஞ்சுப் போர்வை உலராது, வாடை பிடித்துவிடும். மூன்று மடிப்புச் சேலை போதும். மழை விட்ட மத்தியானம் கொஞ்ச நேரம் வெயில் அடித்தாலே காய்ந்துவிடும்.