குடிமைப் பாடத்தில் விடுபட்ட வினா

கல்வியின் பயன் யாது என்று வினவினால், நல்ல குடிமக்களை ஆக்குதலே என்று விடை கூறாத அரசு உலகில் இல்லை. ஆயினும், நல்ல குடிமகன் யார் என்ற அடுத்த வினாவிற்கு எல்லாரும் ஒரே விடை கூறுவதில்லை. சட்டத்திற்கு அடங்கி, அயலாரோடு இணங்கி வாழ்பவனே நல்ல குடிமகன் என்பது ஒரு விடை. சட்டம் இயற்றுவோரை ஆய்ந்து தேர்ந்தெடுத்து, அவர் செய்த பணிக்குக் கணக்குக் கேட்கவும் தெரிந்தவனே நல்ல குடிமகன் என்பது மற்றொரு விடை. இவ்விரண்டும் தம்முள் பகையுடையன அல்ல. இரண்டும் கூடியதே முழுமையான குடிமைக் கல்வி. மலேசிய இடைநிலைப் பள்ளிகளின் குடிமைப் பாடம் முதற்பகுதியைச் செவ்வனே செய்கிறது. இரண்டாம் பகுதியைத் தொட்டும் தொடாமலும் விட்டுவிடுகிறது. இவ்வுண்மையை, ஜொகூர் மாநிலத்துக் கோத்தா திங்கியை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஈண்டு ஆராயலாம்.

இவ்வாராய்ச்சி இன்று விரைந்து வேண்டப்படுவதற்குக் காரணம் உண்டு. வாக்களிக்கும் வயதை 21-இலிருந்து 18-ஆகக் குறைக்கும் அரசியலமைப்புத் திருத்தம் 2019 ஜூலையில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. 2021 டிசம்பர் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. வாக்காளராகப் பதிவு செய்துகொள்ளும் கடமையும் அன்றோடு நீங்கியது. 18 வயது நிறைந்தவுடன் குடிமகனின் பெயர் தானாகவே பட்டியலில் ஏறிவிடுகிறது. முன்னர்ப் பள்ளி வாழ்வு முடிந்து நான்காண்டு உலகைக் கண்டபின் வாக்குரிமை வந்தது. இன்று ஐந்தாம் படிவத்தை முடித்த பிள்ளை, அடுத்த ஆண்டே வாக்குச் சாவடியின் வாயிலில் நிற்கிறது. ஆகவே, வகுப்பறையில் விடுபட்டதைப் பின்னர்க் கற்றுக்கொள்ளலாம் என்னும் ஆறுதலுக்கு இனி இடமில்லை.

பாடநூல் தருவது

குடிமையியல் இந்நாட்டில் பலமுறை உருமாறிய பாடம். 2005-ஆம் ஆண்டில் அது தனிப்பாடமாகப் பள்ளிக்குள் நுழைந்தது. பின்னர்ப் பாடத்திட்டம் மாறியபோது அந்நிலையை இழந்தது. 2019 ஜூன் திங்களில், மாதத்திற்கு ஒரு மணி நேரம் என்னும் அளவில், பிற பாடங்களின் ஊடே கற்பிக்கும் முறையில் மீண்டும் வந்தது. அவ்வாறு வந்தபோது அன்பு, மதிப்பு, பொறுப்புணர்வு, மகிழ்ச்சி ஆகிய நான்கு பண்புகள் அதற்கு அடித்தளமாக அமைக்கப்பெற்றன. இந்நான்கின் சிறப்பையும் மறுப்பார் எவரும் இலர். ஆனால், இவை நான்கும் நல்ல தாயிடத்தும் நல்ல அண்டை வீட்டாரிடத்தும் கற்கத்தக்கவை. அரசு என்பது எங்ஙனம் இயங்குகிறது என்பதைத் தாயும் அண்டை வீட்டாரும் கற்பித்துவிட இயலுமா? அதற்கன்றோ பள்ளி வேண்டும்?

ஆட்சி பற்றிய செய்திகள் வரலாற்றுப் பாடத்தில் இடம்பெற்றுள்ளன. நான்காம் படிவ நூலின் எட்டாம் இயல் தேர்தலைப் பற்றியது. ஐந்தாம் படிவ நூல் கூட்டரசு அரசியலமைப்பையும், அரசியலமைப்பிற்கு உட்பட்ட மன்னராட்சியையும், நாடாளுமன்ற மக்களாட்சியையும், கூட்டாட்சி முறையையும் வரிசைப்படுத்திக் கூறுகிறது. இவ்வரிசை நன்கு எண்ணி அமைத்த வரிசையே. எஸ்.பி.எம். தேர்வில் 2013 முதல் வரலாறு கட்டாயத் தேர்ச்சிப் பாடமாகவும் இருத்தலின், இவ்வியல்களைப் படியாமல் எம்மாணவனும் தப்ப இயலாது.

குறை எங்கே உளது எனின், தேர்வை நோக்கிப் படிக்கும் மாணவன் அரசின் உறுப்புகளை அறிகிறான். அவற்றின் பொறுப்பை அறிந்தானில்லை. மக்களவைக்கு 222 உறுப்பினர், ஜொகூர் சட்டமன்றத்திற்கு 56 உறுப்பினர் என்று தயங்காமல் கூறுவான். தன் வீட்டருகே சாக்கடை அடைத்துக்கொண்டால் அவ்விருவகை உறுப்பினருள் எவரிடம் முறையிடுவது என்று கேட்டால் விழிப்பான். தோட்டத்து லயங்களில் நாடாளுமன்ற உறுப்பினரும் 'ஒய்.பி.'தான், சட்டமன்ற உறுப்பினரும் 'ஒய்.பி.'தான். கோத்தா திங்கி நாடாளுமன்றத் தொகுதிக்குள் செடிலி, ஜொகூர் லாமா என இரு சட்டமன்றத் தொகுதிகள் அடங்கியுள்ளன. தான் எத்தொகுதியினன் என்று அறியாத வாக்காளன், கொடுத்த வாக்குறுதியையும் கொடுத்தவரையும் பொருத்திப் பார்ப்பது யாங்ஙனம்?

வெள்ளம் கற்பிக்கும் பாடம்

2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூர் ஆறு பெருக்கெடுத்து, கோத்தா திங்கி நகரை அடுத்தடுத்து இருமுறை மூழ்கடித்தது. முதல் வெள்ளத்தின் சேற்றைக் கழுவி முடிப்பதற்குள் இரண்டாம் வெள்ளம் வந்தது. அன்று பிறவாத பிள்ளைகளும் பெற்றோர் வாயிலாக அதனைக் கேட்டறிந்துள்ளனர். இவ்வூர்ப் பள்ளியில் ஆட்சி முறையைக் கற்பிக்க இதனினும் சிறந்த பாடம் வேறில்லை.

அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணை, ஆட்சிப் பணிகளைக் கூட்டரசுப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல் என மூன்றாக வகுக்கிறது. நிலமும் உள்ளூராட்சியும் மாநிலத்தின்பாற் பட்டவை. நீர்ப்பாசனமும் வடிகாலும், சமூக நலமும், நகர நாட்டுப்புறத் திட்டமிடலும் இரு அரசுகளுக்கும் பொதுவானவை. கல்வி கூட்டரசினுடையது. இப்பட்டியலை அப்படியே மனப்பாடம் செய்வித்தால் மாணவன் தேர்வறையோடு அதனை மறந்துவிடுவான். வெள்ளத்தை முன்வைத்து வினவினால் மறவான். ஆற்றங்கரை நிலத்தில் காட்டை அழிக்க இசைவு தருவது எவ்வரசு? வடிகாலுக்குப் பணம் ஒதுக்குவது எது? தெருவோரக் கால்வாயைத் தூர்வாருவது எவர் கடமை? பள்ளிக்கூடம் வெள்ளத்தில் பழுதுற்றால் செப்பனிடுவது யார்? ஒரே வெள்ளம் மூன்று நிலை அரசுகளின் கதவுகளையும் தட்டுகிறது என்று காணும் மாணவனே கூட்டாட்சி என்பதன் பொருளை உணர்ந்தவனாவான். யார் பொறுப்பு என்னும் இவ்வினாவே குடிமைப் பாடத்தில் விடுபட்ட வினா.

தேர்தல் இல்லாத அண்மை அரசு

நான்காம் படிவ நூலின் தேர்தல் இயல் ஒரு நல்ல வாய்ப்பைத் தருகிறது. மலாயாவில் தேர்தல் வளர்ந்த கதை, நகராண்மைக் கழகங்களிலிருந்தே தொடங்குகிறது. 1951 டிசம்பரில் ஜார்ஜ் டவுனிலும், 1952 பிப்ரவரியில் கோலாலம்பூரிலும் நகரத் தேர்தல்கள் நடந்தன. அப்படிகளின் மீது ஏறியே, 1955 ஜூலை 27 அன்று 52 இடங்களுக்கான முதற்பொதுத் தேர்தல் நடைபெற்றது. கூட்டணி 51 இடங்களை வென்றது. சிறிய அரசில் பழகிப் பெரிய அரசிற்குச் செல்லுதல் என்பது அன்றைய முறை.

இன்றைய மாணவனுக்கு அச்சிறிய படி இல்லை. இந்தோனேசியாவுடன் ஏற்பட்ட மோதலின்போது, 1965-இல் உள்ளூராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பெற்றன. அவ்வாண்டே உள்ளூராட்சிகளை ஆராய ஓர் அரச ஆணையம் அமைக்கப்பெற்றது. அதற்குத் தலைமை தாங்கியவர் தமிழராகிய செனட்டர் ஆதி நாகப்பன். ஆணையம் 1968-இல் அளித்த அறிக்கை, உள்ளூராட்சி மன்றத்தினரை மக்களே தேர்ந்தெடுக்கவேண்டும் என்று பரிந்துரைத்தது. அரசு அதனை ஏற்கவில்லை. 1976-ஆம் ஆண்டின் உள்ளூராட்சிச் சட்டப்படி, மன்றத்திற்கு 8 முதல் 24 உறுப்பினர் வரை மாநில அரசே நியமிக்கிறது.

அம்முடிவு தக்கதா, தகாததா என்பது அரசியலார் வாதிடும் பொருள். கல்வியாளர் கருதவேண்டியது வேறொன்று. குப்பையையும் கால்வாயையும் தெருவிளக்கையும் கவனிக்கும் அண்மை அரசில் வாக்களித்துப் பழகும் வாய்ப்பு இல்லாதபோது, அப்பயிற்சியைத் தரும் பொறுப்பு முழுவதும் பள்ளியின் தோள்மீது விழுகிறது. ஆதி நாகப்பனின் பெயரையேனும் தமிழ்ப் பிள்ளைகள் அறிந்திருக்கின்றனரா? ஆணையம் கூறிய காரணங்களையும் அரசு மறுத்த காரணங்களையும் இருபக்கமாக நிறுத்தி ஒரு வகுப்பில் வாதிடச் செய்தால், அது பத்துப் பக்கப் பாடத்திற்கு ஈடாகும்.

பழம்பெருமையும் அதன் எல்லையும்

தேர்தல் என்றவுடன் தமிழ் மேடைகளில் உத்திரமேரூர் எழுந்து வருதல் இயல்பு. முதலாம் பராந்தக சோழன் காலத்து அக்கல்வெட்டுகள், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளுக்குரியவை. 30 குடும்புகளிலிருந்து குடவோலை வழியாக வாரியத்தாரைத் தெரிந்தெடுத்த முறையை விளக்குகின்றன. பெருமை கொள்ளத்தக்க செய்தியே. ஆயினும், ஆயிரம் ஆண்டுகட்கு முன்னரே தமிழர் மக்களாட்சி கண்டனர் என்று கூறி நிறுத்திவிடுவது பிள்ளைகளைத் தவறான முடிவிற்கு இட்டுச் செல்லும். அது பிராமணர் ஊராகிய ஒரு பிரமதேயத்தின் சபை. நிலமும் சொந்த மனையும் கல்வியும் உடைய ஆடவர்க்கே அதில் இடம். உழுதவர்க்கும் பெண்டிர்க்கும் இடமில்லை. இறுதி முடிவும் வாக்கெண்ணிக்கையால் அன்றி, குடத்தினின்று எடுத்த ஓலையால் அமைந்தது.

அக்கல்வெட்டில் இன்றைய வகுப்பறை போற்றிக் கற்கவேண்டிய விதி வேறொன்று உண்டு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாது போனவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் ஓலையில் பெயர் எழுதப்பெறும் தகுதியை இழந்தனர். தெரிந்தெடுத்தலோடு கணக்குக் கேட்டலையும் இணைத்த அவ்வறிவே உண்மையான முதுசொம். திருக்குறளிலும் 'தெரிந்து தெளிதல்', 'தெரிந்து வினையாடல்' என இரண்டு அதிகாரங்கள், ஆளை ஆராய்ந்து தெளிவதையும் அறிந்தபின் பணியில் அமர்த்துவதையும் பேசுகின்றன. அவை மன்னனை நோக்கிக் கூறப்பெற்றவை. இன்று அம்மன்னனின் இருக்கையில் பதினெட்டு வயதுப் பிள்ளை அமர்ந்துள்ளது. தமிழ்மொழிப் பாடவேளையில் இவ்வதிகாரங்களை இக்கண்கொண்டு கற்பித்தால், மலாய் மொழியில் கற்ற ஆட்சியியல் தாய்மொழியில் வேர்கொள்ளும்; பிள்ளை வீடு திரும்பிப் பாட்டியிடமும் அதனைப் பேச இயலும்.

தோட்டத்துப் பிள்ளையின் நிலை

இவ்வினாவின் கனத்தைத் தோட்டத்துக் குடும்பங்களே மிகுதியாகச் சுமக்கின்றன. 1955 தேர்தலில் வாக்காளர் பட்டியலில் ஏறத்தாழ 84 விழுக்காட்டினர் மலாய்க்காரர். இந்தியர் நூற்றுக்கு ஐவரினும் குறைவு. பால்மரம் சீவியோருள் பலர் குடியுரிமை பெறாதிருந்ததே காரணம். அத்தலைமுறை கதவிற்கு வெளியே நின்றது. இன்றைய தலைமுறைக்குக் கதவு திறந்துள்ளது. ஆயினும் வாயிற்படியில் இரண்டு தடைகள் உள.

முதலாவது முகவரி. தானியங்கிப் பதிவில், அடையாள அட்டையில் உள்ள முகவரியே தொகுதியை முடிவு செய்கிறது. தோட்டம் துண்டாடப்பெற்றபோது நகரத்து அடுக்குமாடிக்கு வந்த குடும்பம், பழைய தோட்டத்து முகவரியை மாற்றாதிருப்பின், வாழும் இடம் ஒன்று, வாக்கு ஓரிடம் என்றாகும். 18 வயதில் அட்டையைப் புதுப்பிக்கும்போதே இதனைச் சரிசெய்துகொள்ளலாம். ஆனால், அதை எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டும். இரண்டாவது ஆவணம். பிறப்புப் பதிவு செய்யப்பெறாமையால் அடையாள அட்டையின்றி வளரும் பிள்ளைகள் இன்றும் உள்ளனர். அவர்களுக்கு வாக்காளர் பட்டியல் வெறும் பெயர். இவ்விரண்டையும் எந்தத் தேர்வும் வினவுவதில்லை. குடிமை வகுப்பு வினவினால் அன்றி வேறெவர் வினவுவர்?

பதினெட்டு வயதினர் முதன்முதலில் வாக்களித்த தேர்தல் ஜொகூரிலேயே நடந்தது. 2022 மார்ச் 12 அன்று நடைபெற்ற அச்சட்டமன்றத் தேர்தலில் நூற்றுக்கு ஏறத்தாழ 55 பேரே வாக்களித்தனர். அவ்வாண்டு நவம்பர் 19 அன்று நடந்த பொதுத் தேர்தலில் நாடு முழுவதும் ஏறத்தாழ 74 பேர் வாக்களித்தனர். பெருந்தொற்று அச்சமும், வெளியூரிலும் சிங்கப்பூரிலும் பணிபுரிவோர் நிலையும் இக்குறைவிற்குக் காரணமாகக் கூறப்பெற்றன. அவை மெய்யே. ஆயினும், மாநில அரசு தன் வாழ்வில் எதைத் தீர்மானிக்கிறது என்று அறியாதவன், அதற்காகப் பயணச் செலவு செய்து ஊர் திரும்புவான் என்று எதிர்பார்த்தல் பொருந்துமா?

ஆசிரியர் அச்சம்

இவ்வளவும் கற்பிக்க ஆசிரியர் ஏன் தயங்குகின்றனர்? அரசு ஊழியராகிய தாம் கட்சி பேசுவதாகப் பெயர் எடுத்தல் ஆகுமா என்னும் அச்சமே காரணம். அவ்வச்சம் இகழத்தக்கதன்று. பிள்ளைகளின் இளமனத்தில் தம் கட்சியைத் திணிக்கும் ஆசிரியர் தீங்கு செய்பவரே. இதற்கு ஜெர்மனி ஒரு வழி கண்டது. ஒரு தலைமுறை மாணவரைச் சர்வாதிகாரத்திற்குப் பலியிட்ட அந்நாட்டின் கல்வியாளர், 1976-இல் போய்ட்டெல்ஸ்பாக் என்னும் ஊரில் கூடி மூன்று நெறிகளை வகுத்தனர். ஆசிரியர் தம் கருத்தை மாணவர்மீது திணித்தல் கூடாது. அறிவுலகிலும் அரசியலிலும் வாதத்திற்குரியதாக உள்ளதை வகுப்பிலும் வாதத்திற்குரியதாகவே காட்டவேண்டும். தன் நலம் யாது என ஆராயும் ஆற்றலை மாணவன் பெறவேண்டும். இம்மூன்றையும் கடைப்பிடிக்கும் ஆசிரியர் எக்கட்சிக்கும் அஞ்சவேண்டுவதில்லை.

கோத்தா திங்கியின் கம்போங் மக்காமில், 1699-இல் கொலையுண்ட சுல்தான் மகமூதின் கல்லறை உள்ளது. பலாச்சுளையால் மூண்ட பழி என்று வழங்கும் அக்கதையை இவ்வூர்ப் பிள்ளைகள் அறிவர். முறையிட வழியின்றிப் போன துயரம் வாளாக மாறியது என்பதே அக்கதையின் உட்பொருள். அதே ஜொகூர் 1895-இல், மலாய் மாநிலங்களுள் முதன்முதலாக எழுத்தாலான அரசியலமைப்பைப் பெற்றது. வாளிலிருந்து ஏட்டிற்கும், ஏட்டிலிருந்து வாக்குச்சீட்டிற்கும் நாடு வந்த வழி நெடிது. அவ்வழியின் முடிவில் நிற்கும் பிள்ளை, தன் கையிலுள்ள சீட்டு யாரிடம் எதற்குக் கணக்குக் கேட்கும் சீட்டு என்று அறிந்திருத்தல் வேண்டும். மாதத்தில் கிடைக்கும் அந்த ஒரு மணி நேரத்தில், அன்பையும் மதிப்பையும் கற்பிப்பதோடு இதனையும் கற்பிப்பதற்குப் புதிய சட்டமும் வேண்டா, புதிய நூலும் வேண்டா. யார் பொறுப்பு என்று கேட்கத் துணியும் ஆசிரியர் ஒருவர் போதும்.